தாமரையும் நீலோற்பலமும்

வணக்கம் நேயர்களே. அண்மையில் என் பேத்தி பள்ளிக்கூடத்து ஒப்படைக்காக இலங்கையின் தேசிய மலரான நீலோற்பலத்தை வரைந்துகொண்டிருந்தாள். நல்ல கடும் ஊதா. "இது நீலோற்பலம் இல்லையம்மா" என்றேன். "கூகிளில இதுதானே வருது, அம்மப்பா" என்றாள்.

பிழை அவளுடையது அல்ல. நீர்ப்பூக்களில் கண்ணை நம்பினால் பெரிய ஆட்களே ஏமாந்து போவார்கள். தாவரங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ் 1753இல் தாமரையையும் அல்லியையும் ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே கூட்டத்தில், சேர்த்துவிட்டார். நீலோற்பலமும் ஒரு அல்லிதான். குளத்தங்கரையில் குந்தி இரண்டு இலைகளைப் பிடுங்கிப் பாருங்கள். தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில். நீலோற்பல இலையில் காம்பு வரைக்கும் ஒரு வெட்டு இருக்கும். தாமரைப் பூவின் நடுவில் பூவாளி மூக்குப் போல ஒரு குமிழ், அதன் துளைகளுக்குள் விதை. அப்படியொன்று நீலோற்பலத்தில் கிடையாது.

பிறகு தாமரைக்குத் தனிப் பேரினம் வந்தது: நெலும்போ. சிங்களத்து 'நெலும்'தான் அது! மரபணு ஆய்வுகள் வந்தபின் கதை இன்னும் மாறியது. தாமரைக்கு நெருங்கிய உறவு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக் மரமாம். நீலோற்பலமோ பூக்கும் தாவரங்களின் ஆதிக் கிளைகளில் ஒன்று. ஒரே சேற்றில் நின்றாலும் சொந்தமில்லை.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். தாமரையைக் கோயிலுக்கும் கறிக்கும் மனிதரே வளர்க்கிறார்கள். சீனாவில் ஏறத்தாழ 1300 ஆண்டு பழைய தாமரை விதையே முளைத்திருக்கிறது. எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் சர்வதேசச் சிவப்புப் பட்டியல் நீலோற்பலத்தைக் 'குறைந்த கவலை', அதாவது இப்போதைக்குப் பெரிய ஆபத்தில்லை, என்கிறது. அது இந்தப் பூ வளரும் நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு. நம்மூர்க் குளத்தைப் பார்த்துச் சொன்னதல்ல. இங்கே மாரியில் நிரம்பும் குளம் கோடையில் வெடித்துக் கிடக்கும். கிழங்கு சேற்றுக்குள் உறங்கி அடுத்த மழைக்கு எழும்பும். குளத்தை ஒரேயடியாக ஜேசிபி போட்டு வாரினால் கிழங்கும் சேற்றோடு லொறியில் போய்விடும். ஒரு மூலையையாவது விடுங்கள் என்று நான் கேட்காத கூட்டம் இல்லை.

மற்றத் தொல்லை அந்த ஊதாப் பூ. அது வெளிநாட்டு அல்லிகளின் கலப்பு என்று நம் தாவரவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1986இல் அறிவித்த தேசிய மலர் எது என்ற குழப்பத்தை 2015இல்தான் அரசு திருத்தியது. அதற்குள் முத்திரை, பாடப்புத்தகம், இணையம் எல்லாம் ஊதாவாகிவிட்டன. ஊதாவைக் கொண்டுவந்து குளத்தில் நட்டுவிட்டு நீலோற்பலத்தைக் காத்தோம் என்று நாம் கைதட்டுவோம்.

அப்புறம் பேத்தி புதுத் தாள் எடுத்தாள். பெட்டியில் வெளிர் நீலப் பென்சில் இல்லை. இதழ்களை அப்படியே வெள்ளையாக விட்டாள். நீலோற்பலம் வெள்ளையாகவும் பூக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை.