திருகாணி செருகிய பியானோவும் செவ்வியல் மரபும்

சென்ற உரையில் மார்கரெட் லெங் டானைச் செவ்வியல் பியானோ கலைஞர் என்று நான் அறிமுகப்படுத்தியதைக் கேட்ட நேயர் ஒருவர், கம்பிகளுக்கு நடுவே திருகாணிகளைச் செருகிவைத்தும் பொம்மைப் பியானோவைத் தட்டியும் ஒலி எழுப்புகிறவர் எப்படிச் செவ்வியல் கலைஞர் ஆவார் என்று கேட்டிருக்கிறார். சற்றுக் கோபத்தோடு எழுதப்பட்ட இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சிங்கப்பூரில் வளர்ந்த டான், பதினாறு வயதில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளிக்குச் சென்று, 1971இல் அங்கே முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். இப்படிப் பொருள்கள் செருகிய பியானோவுக்கு இசை எழுதிய அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜை அவர் சந்தித்தது 1981இல்தான். 1992இல் கேஜ் மறையும் வரை அவரோடு இணைந்து பணியாற்றினார். அத்தனை படிப்பும் வீணாயிற்று என்று எண்ணுகிறவர்கள் கேஜின் இசைக்குறிப்பின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். எந்தச் சுரத்தின் கம்பிகளுக்கு இடையே திருகாணியோ ரப்பரோ வர வேண்டும், கம்பியின் அதிர்வை அடக்கும் டேம்பர் கட்டையிலிருந்து அது எத்தனை அங்குலம் தள்ளி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்குலத்தின் பின்னங்கள் வரை வரையறுக்கும் அட்டவணை அங்கே இருக்கிறது. புதிய ஒலிகளைத் தேடும் இத்தகைய சோதனை இசையில் கட்டுப்பாடு கூடுமே தவிரக் குறையாது என்று நான் பலமுறை சொல்லியிருப்பது இதைத்தான்.

பொம்மைப் பியானோவிலும் இதே கதைதான். அதற்கென்று கேஜ் 1948இல் எழுதிய தொகுப்பில் ஒன்பது சுரங்களே வருகின்றன. ஆனால் மிக மென்மையிலிருந்து மிக உரப்பு வரை எல்லா அளவுகளையும் அவர் குறித்துவைத்திருக்கிறார். சிறு சுத்தியல்கள் உலோகத் தண்டுகளைத் தட்டும் அக்கருவியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இடம் மிகச் சிறிது. டான் 1993இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் கலை மையத்தில் அந்தத் தொகுப்பை வாசித்தபோது, விளையாட்டுப் பொருளிலிருந்து அந்த வேறுபாடுகளைப் பெற வேண்டிய பொறுப்பு அவருடைய விரல்களுக்கே இருந்தது. ஜூலியார்டில் பெற்ற பயிற்சி இல்லாமல் அது நடக்குமா?

இந்த இசைக்கும் நம் மரபுக்கும் என்ன தொடர்பு என்றும் நேயர் கேட்டிருக்கலாம். டான் வாசித்திருக்கும், பொருள்கள் செருகிய பியானோவுக்கான கேஜின் பதினாறு சொனாட்டாக்களும் (சிறு கருவியிசைப் படைப்புகள்) நான்கு இடையிசைகளும், வீரம், சிருங்காரம் முதலிய எட்டுச் சுவைகளையும் அவை சென்றடங்கும் சாந்தத்தையும் நினைந்து எழுதப்பட்டவை. அந்தக் கருத்தைக் கேஜ் பெற்றது, கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகளிலிருந்து! எந்தப் பகுதி எந்தச் சுவைக்கு உரியது என்று கேஜ் பிரித்துச் சொல்லவில்லை. பதினாறாவது சொனாட்டாவில் எனக்குக் கேட்பது சாந்தம். மாறாகக் கேட்கிறவர்கள் எழுதுங்கள்.