மூன்று ஆட்டம் ஆடிய கோச்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளையை எட்டு வயதிலேயே ஒரே விளையாட்டோடு கட்டிப்போடாதீர்கள் என்று பெற்றோர்களிடம் ஓயாமல் சொல்லிவருகிறேன். ஏன் என்று கேட்டால் பட் கிராண்ட் கதையைத்தான் சொல்வேன், இன்றும் அதுதான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து சுப்பீரியர் ஊரில் 1927-ல் பிறந்தவர். சின்ன வயதில் போலியோ. கால் வலுவாகட்டும், விளையாடட்டும் என்று உள்ளூர் மருத்துவர் சொல்ல, பையன் கிடைத்த ஆட்டத்தையெல்லாம் ஆடினான். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் (பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது), கூடைப்பந்து, பேஸ்பால் என்று மூன்று அணியிலும் இருந்தார். ஒரு சீசன் நன்றாக ஆடினால் அங்கே ‘லெட்டர்’ என்று கல்லூரியின் எழுத்தைத் தருவார்கள், இவர் ஒன்பது வாங்கினார்.

அப்புறம் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி. 1950-ல் அது சாம்பியன் ஆனபோது ஜார்ஜ் மைக்கன்தான் நாயகன், இவர் பெரும்பாலும் பெஞ்சில். இந்த பெஞ்சை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன். பிறகு ஃபுட்பாலுக்குப் போய், 1952-ல் பிலடெல்பியா ஈகிள்ஸுக்காகப் பந்து பிடித்தே 997 கெஜம் சேர்த்தார். எம்பிப் பிடிக்கும் அந்தக் கை கூடைப்பந்தில் பழகியது என்றுதான் நான் நம்புகிறேன். அடுத்த வருஷம் கனடாவின் வின்னிபெக் அணி. அங்கேயே 1957-ல், முப்பது வயதுகூட ஆகாதவரை கோச் ஆக்கினார்கள், கனடா ஃபுட்பாலின் பெரிய பட்டமான கிரே கோப்பையை நான்கு முறை வென்று கொடுத்தார்.

1967-ல் அமெரிக்கா திரும்பி, மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற ஃபுட்பால் அணிக்கு கோச். நமக்கு மார்கழிப் பனியே குளிர், அங்கே டிசம்பரில் திறந்த மைதானத்தில் மூச்சு உறைந்துபோகும். எதிரணி ஹீட்டரைச் சுற்றி நிற்கும், இவர் தன் ஆட்களுக்கு ஹீட்டரே கூடாது என்றுவிட்டார். முரட்டுத்தனம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. ஹீட்டர் பக்கத்தில் நிற்பவனுக்கு ஆட்டத்தில் கண் இருக்காது, கூப்பிட்ட நொடியில் ஓடவும் மாட்டான். சரி, இது யாருக்குப் புரியும்? லேக்கர்ஸ் பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்தவருக்குப் புரியும். நட்சத்திரமாக மட்டுமே ஆடியவருக்கு இது தோன்றியிருக்காது. 2016 ஜனவரியில், 88 வயதில், மைனஸ் 21 டிகிரி குளிரில் அரைக்கைச் சட்டையோடு டாஸ் போட வந்து நின்றார் மனிதர்!

சூப்பர் பவுல் என்கிற அமெரிக்க ஃபுட்பால் இறுதி ஆட்டத்துக்கு நான்கு முறை போய் நான்கிலும் தோற்றாரே, அதை விரிவாகப் பேச வேண்டும் என்று வந்தேன். நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: கனடாவின் ஃபுட்பால் புகழ்க்கூடத்தில் 1983-லும் அமெரிக்காவுடையதில் 1994-லும் சேர்த்தார்கள், இரண்டிலும் இடம்பெற்ற முதல் ஆள் இவர்தான். நன்றி, வணக்கம்.