பத்துப் பொருத்தத்துல கடைக்கு எது?

(தலைப்பு: கூட்டுத் தொழில் தொடங்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது ஜாதகப் பொருத்தமா, ஒப்பந்தப் பத்திரமா? தண்டையார்பேட்டை மேடையில் ‘ஒப்பந்தப் பத்திரமே’ அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஜாதகக் கட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களுக்கும், தண்டையார்பேட்டைப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னாடி பேசின அக்கா மூணு விஷயம் சொன்னாங்க. கட்டிக்கப் போறவங்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோமே, வீட்டு ஆளுங்களை விட அதிக நேரம் கூட இருக்கப் போற கூட்டாளிக்குப் பார்க்க வேணாமான்னு கேட்டாங்க. பலமா கைதட்டல் வந்துச்சு. பொருத்தம் பார்த்தா மனசுக்கு ஒரு தெம்புன்னாங்க. கடைசியா, நேரம் சரியில்லாததாலதான் நம்ம பக்கத்துல பாதிக் கூட்டுக் கடைங்க உடைஞ்சுதுன்னாங்க.

ஜோசியம் பொய்யின்னு பேச நான் வரலை ஐயா. அந்த வழக்குக்கு இந்த மேடை பத்தாது. அக்கா கையில வெச்சிருக்கிற அதே பஞ்சாங்கத்தை வாங்கிப் பிரிச்சே பேசறேன்.

பத்துப் பொருத்தம் எதெது? தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. இதுல மகேந்திரம் பிள்ளைப்பேறுக்குப் பார்க்கிறது. ஸ்திரீ தீர்க்கம் பொண்ணோட நல்வாழ்வுக்கு. யோனி எதுக்குன்னு நான் விளக்க முடியாது, முன்வரிசையில குழந்தைங்க உட்கார்ந்திருக்கு. ரஜ்ஜு மாங்கல்ய பலத்துக்கு. பாதம், தொடை, நாபி, கழுத்து, தலைன்னு நட்சத்திரங்களை அஞ்சாப் பிரிச்சிருக்காங்க. மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் மூணும் தலை ரஜ்ஜு. ரெண்டு பேரும் ஒரே ரஜ்ஜுவுல இருந்தா தாலிக்கு ஆகாதுன்னு விலக்குவாங்க. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல துணிக்கடை போடப் போற ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல, நடுவர் ஐயா, யார் கழுத்துல யார் கட்டின தாலி?

சரி, அந்த நாலையும் தள்ளிடுவோம், மிச்சம் ஆறு இருக்கேன்னு எதிரணி சொல்லலாம். அந்த ஆறுல முதல்ல நிக்கிறது தினப் பொருத்தம். பொண்ணோட நட்சத்திரத்துல ஆரம்பிச்சு, அதையும் சேர்த்து, பையன் நட்சத்திரம் வரைக்கும் எண்ணணும். வந்த எண்ணை ஒன்பதால வகுக்கணும். மீதி 2, 4, 6, 8, 0 வந்தா பொருத்தம் உண்டு. மத்தது வந்தா இல்லை. இப்ப ஒரு கூட்டாளி அஸ்வினி, இன்னொருத்தர் ரோகிணி. அஸ்வினியில இருந்து எண்ணினா ரோகிணி 4. இந்த எண்ணிக்கைக்குத் தாரைன்னு பேரு; 4 க்ஷேம தாரை. பிரமாதம், நாளைக்கே கடை திறக்கலாம். ரோகிணியில இருந்து எண்ணிப் பாருங்க: அஸ்வினி 25. ஒன்பதால வகுத்தா மீதி 7. அதுக்குப் பேரு வதை தாரை! அதே ரெண்டு பேர், அதே கடை. யாரைப் பொண்ணு வீட்டுக்காரர்னு வெச்சு எண்ணறோங்கிறதுல க்ஷேமம் வதை ஆயிடுது. கூட்டாளிங்க விஷயத்துல எந்தப் பக்கத்துல இருந்து எண்ணணும்னு அக்கா சொல்லவே இல்லை.

கணம் பத்தி ரெண்டு வார்த்தை. 27 நட்சத்திரத்துல தேவ கணம் ஒன்பது, மனுஷ கணம் ஒன்பது, ராட்சச கணம் ஒன்பது. ‘மகம் ஜகத்தை ஆளும்’னு நாமதான் சொல்றோம். அந்த மகம் ராட்சச கணம். ஜகத்தை ஆளலாம், சட்டைத் துணி விக்கக் கூடாதா?

நியாயத்தையும் சொல்லணும். விஷயம் தெரிஞ்ச ஜோசியர் கூட்டுத் தொழிலுக்குப் பத்துப் பொருத்தத்தைத் தொடவே மாட்டார். ரெண்டு ஜாதகத்துலயும் ஏழாம் வீட்டைப் பார்ப்பார். துணைக்கும் கூட்டாளிக்கும் அதே வீடுதான். தொழிலுக்குப் பத்து, லாபத்துக்குப் பதினொண்ணு, கையில தங்குற பணத்துக்கு ரெண்டு, கடனுக்கு ஆறு. வியாபாரத்துக்குப் புதன் எங்கே நிக்கிறார்னு பார்ப்பார். ஒருத்தர் ராசியில இருந்து எண்ணினா மத்தவர் ராசி ஆறாவதோ எட்டாவதோ வந்தா யோசிப்பார். அதுலயும் மேஷம்–விருச்சிகம், ரிஷபம்–துலாம் மாதிரி ஒரே அதிபதியா இருந்தா தோஷமில்லைன்னு விட்டுடுவார். அப்புறம் ரெண்டு பேருக்கும் தசை எப்ப மாறுதுன்னு கணக்குப் போடுவார். இது முறையான வேலை, நான் மறுக்கலை.

ஆனா இதுக்கெல்லாம் லக்னம், அதாவது பிறந்த நேரத்துல கிழக்குல உதிக்கிற ராசி, சரியா இருக்கணும். லக்னம் ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு மாறும். லக்னம் மாறினா ஏழாம் வீடு மாறும், பத்தும் மாறும். நம்ம பக்கத்துல அறுபது வயசுக்காரர் பல பேருக்குப் பிறந்த நேரம் கேட்டா, ‘மழை பேய்ஞ்ச ராத்திரி’ன்னுதான் பதில் வரும். சர்டிபிகேட்ல இருக்கிற தேதி பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. உடனே, ‘பேர் ராசிக்குப் பார்த்துக்கலாம்’னு ஒரு வழி சொல்வாங்க. அந்தப் பேரையும் நியூமராலஜிக்காக நடுவுல ஒரு தடவை மாத்தியிருப்பாங்க.

எதிரணியோட மூணாவது வாதம், நேரம் சரியில்லாம உடைஞ்சுதுங்கிறது. இங்கதான் கொஞ்சம் கணக்குப் போடணும். சனி ஒரு ராசியில சுமார் ரெண்டரை வருஷம், ஒரு சுத்துக்கு 30 வருஷம். நம்ம ராசியில இருந்து எண்ணி, சனி பன்னிரண்டு, ஒண்ணு, ரெண்டுல இருந்தா ஏழரைச் சனி, நாலுல அர்த்தாஷ்டமம், எட்டுல அஷ்டமம். ஆக ஒருத்தருக்குப் பன்னிரண்டுல அஞ்சு இடம் ஆகாது. இப்ப ஒண்ணுக்கொண்ணு ஐந்தாவது, ஒன்பதாவது ராசியா அமைஞ்ச நல்ல ஜோடி ஒண்ணு எடுத்துக்குவோம்: மேஷம், சிம்மம். மேஷத்துக்கு ஆகாத இடம் மீனம், மேஷம், ரிஷபம், கடகம், விருச்சிகம். சிம்மத்துக்குக் கடகம், சிம்மம், கன்னி, விருச்சிகம், மீனம். சேர்த்துப் பார்த்தா ஏழு இடம். 30 வருஷத்துல பதினேழரை வருஷம் ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தருக்குச் சனி! பொருந்தின ஜோடிக்கே இந்தக் கதி. பாதிக்கு மேல வருஷங்கள்ல கடை எப்ப உடைஞ்சாலும் சனியைக் கைகாட்ட முடியும்னா, அது காரணம் ஆகுமா?

எந்த வருஷம்னு சொல்றதுலயும் தகராறு இருக்கு. சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச். வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச். மேஷத்துக்கு அதுதான் ஏழரையோட தொடக்கம், சிம்மத்துக்கு அஷ்டமம். நடுவுல இருக்கிற அந்த ஒரு வருஷம் ரெண்டு கூட்டாளியும் சண்டை போட்டிருந்தா, அது சனியோட வேலையா இல்லையா? நீங்க எந்தப் பஞ்சாங்கம் வாங்குறீங்கங்கிறதைப் பொறுத்தது.

அப்போ நிஜமா எதுல உடையுது? காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு வாங்க. ஒரு விசைப்படகு, ரெண்டு கூட்டாளி. ஒருத்தர் பணம் போட்டவர், இன்னொருத்தர் கொஞ்சம் பணமும் நிறைய உழைப்பும் போட்ட டிரைவர். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை. அந்த 61 நாள்லதான் பலகை மாத்தணும், பெயின்ட் அடிக்கணும், இன்ஜின் இறக்கணும், வலை பின்னணும். வரவு சுத்தமா இல்லை, செலவு முழுசா இருக்கு. பணம் போட்டவரே மேல மேல போடுவார். ஜூன்ல படகு இறங்கி நல்ல மீன் பாடு கிடைச்சதும், ‘நான் போட்டதை முதல்ல எடுத்துக்கறேன்’பார். ‘இன்னா அண்ணாத்தே, அப்போ என் உழைப்பு?’ன்னு டிரைவர் கேப்பார். சண்டை இங்க ஆரம்பிக்குது. ராகு அப்ப எங்க இருந்தார்னு தெரிஞ்சு ரெண்டு பேருக்கும் ஆகப் போறது என்ன?

எழுதி வைக்கலைன்னா சட்டம் தானா ஒரு பதில் வெச்சிருக்கு. அது ரெண்டு பேருக்குமே பிடிக்காது. 1932ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 13ஆம் பிரிவு. வேற மாதிரி பேசிக்கலைன்னா லாபமும் நஷ்டமும் சரிபாதி, யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும். உழைக்கிற கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. முதலுக்கு மேல கடனாப் போட்ட பணத்துக்கு வட்டி வருஷத்துக்கு ஆறு சதவீதம். பணம் போட்டவருக்கு ஆறு சதவீதம் கசக்கும், டிரைவருக்குச் சம்பளம் இல்லைங்கிறது எரியும். ஆனா, எட்டுப் பொருத்தம் இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே தொடங்கின கூட்டுக்குக் கிடைக்கப் போறது இதுதான்.

அதனால பத்திரத்துல முதல் போட்ட விகிதம் தனி, லாப விகிதம் தனி, நஷ்ட விகிதம் தனின்னு எழுதுங்க. டிரைவருக்கு மாசச் சம்பளமா, ஒவ்வொரு மீன் பாட்டுக்கும் இத்தனை பங்கான்னு எழுதுங்க. தடைக்காலச் செலவுக்குன்னு ஒவ்வொரு ஏலத்துலயும் ஒரு தொகை ஒதுக்கித் தனிக் கணக்குல போடுங்க. படகுப் பதிவு மீன்வளத் துறையில யார் பேர்ல இருக்கு, இன்சூரன்ஸ் பணம் வந்தா எப்படிப் பிரியும்னு ஒரு வரி இருக்கட்டும். பதிவு ஒருத்தர் பேர்ல மட்டும் இருந்து பத்திரமும் இல்லைன்னா, இன்னொருத்தர் அந்தப் படகுல தனக்குப் பங்கு இருக்குன்னு நிரூபிக்கவே சாட்சி தேடி அலையணும்.

துணிக்கடையில ஆபத்து வேற மாதிரி. கூட்டாளி ஒவ்வொருத்தரும் கடைக்கு ஏஜென்ட். ஒருத்தர் சூரத்துத் துணி வியாபாரிகிட்ட கடனுக்குச் சரக்கு எடுத்தா கடன் ரெண்டு பேருக்கும். 25ஆம் பிரிவுப்படி கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் யாராவது ஒருத்தர்கிட்டயே கேக்கலாம். அதாவது நீங்க குடியிருக்கிற வீடு வரைக்கும் வரலாம். பேங்க்ல ரெண்டு கையெழுத்துன்னு வெச்சா செக் நிக்கும், கடன் கொள்முதல் நிக்காது. நமக்குள்ள போட்ட வரம்பு வியாபாரிக்குத் தெரியலைன்னா அது அவரைக் கட்டுப்படுத்தாது. ‘இந்தத் தொகைக்கு மேல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஆர்டருக்குத்தான் கடை பொறுப்பு’ன்னு சரக்கு கொடுக்கிற ஒவ்வொருத்தருக்கும் லெட்டர் போகணும். இருப்பு எடுக்கிறது தீபாவளி முடிஞ்ச கையோட. விலை போகாத பழைய சரக்குக்கு எத்தனை சதவீதம் கழிக்கிறதுன்னு முன்னாடியே எழுதிடணும். பிரியும்போது பெரிய சண்டை அந்தப் பழைய சரக்கு மேலதான் வரும்.

எழுதினா மட்டும் போதாது, கூட்டு நிறுவனப் பதிவாளர்கிட்ட பதிவும் பண்ணணும். பதியாத கூட்டு, பாக்கி வெச்சவர் மேல ஒப்பந்தத்தை வெச்சு வழக்குப் போட முடியாது. கூட்டாளிங்க தங்களுக்குள்ளயும் போட முடியாது, கலைச்சுக் கணக்குக் கேக்கிறதைத் தவிர. 69ஆம் பிரிவு. உடன்பாட்டோட விலகறவருக்கும் ஒரு வேலை இருக்கு: பதிவாளருக்குத் தெரிவிச்சு, அரசிதழ்லயும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலயும் அறிவிப்பு கொடுக்கணும். கொடுக்காம கைகுலுக்கிட்டுப் போனவரை, அவர் கூட்டாளியா இருந்ததை அறிஞ்ச வியாபாரி அப்புறம் ஏற்பட்ட கடனுக்கும் பிடிக்கலாம்.

சாவைப் பத்திப் பேசினா அபசகுனம்னு தலை ஆட்டறாங்க, தெரியுது. ஆனா ரெண்டே பேர் கூட்டுல ஒருத்தர் காலமாயிட்டா, ‘தொழில் தொடரும்’னு எழுதியிருந்தாலும் கூட்டு கலைஞ்சுடும். ஒருத்தர் தனக்குத்தானே கூட்டாளியா இருக்க முடியாதே. அதனால இருக்கிறவர் என்ன விலைக்கு எடுத்துக்கணும், கடைப் பேருக்கு என்ன மதிப்பு, இறந்தவர் வீட்டுக்கு எத்தனை தவணையில கொடுக்கணும், இதையெல்லாம் எழுதணும். ரஜ்ஜுப் பொருத்தம் அந்த வீட்டு அம்மாவுக்குத் தவணை கட்டாது.

‘மனசுக்குத் தெம்பு’ங்கிற வாதத்துக்கு வரேன். எனக்குப் பயமே அந்தத் தெம்புதான். வஞ்சிரம் வாங்க வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்க்காம மீனோட நட்சத்திரத்தைக் கேட்ட மாதிரி, பொருத்தம் நல்லாருக்குன்னதும் கேக்க வேண்டிய கேள்வியை விட்டுடறாங்க. அவருக்கு வெளியில எவ்வளவு கடன்? வேற கடையில பங்கு இருக்கா? செக் ரிட்டர்ன் கேஸ் ஏதாவது? மச்சானை வேலைக்கு வெப்பாரா? இதைக் கேட்டா சந்தேகப்படறோம்னு நினைப்பாங்களாம். ஜாதகம் கேட்டா மட்டும் மரியாதையாம்!

எதிரணிக்கு ஒண்ணு விட்டுக் கொடுக்கிறேன். பத்திரத்துல கையெழுத்துப் போட நல்ல நாள் பாருங்க, ராகு காலத்தைத் தவிருங்க. அது உங்க திருப்திக்கு. ராகு காலத்துல போட்ட கையெழுத்தும் கோர்ட்ல செல்லும்.

மணி அடிச்சுட்டாங்க, முடிச்சுக்கறேன். எனக்கு அடுத்து பேச வர்ற எதிரணி அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. கூட்டுக் கடைன்னு போர்டு வெச்சாச்சு. கல்லாவுல ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. வாடிக்கையாளர் ஸ்கேன் பண்ற பணம் கடைப் பேர்ல இருக்கிற கணக்குக்குப் போகுதா, ஒரு கூட்டாளியோட சொந்தக் கணக்குக்குப் போகுதா? இதை எந்தக் கட்டத்துல பார்க்கிறதுன்னு சொல்லிட்டு அவர் பேச்சை ஆரம்பிக்கட்டும். நன்றி, வணக்கம்.