தூங்கினால் தூங்கட்டுமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'சிறு பிள்ளைகளைப் பாப் கச்சேரிக்கு அழைத்துச் செல்வது அனுபவமா, அவஸ்தையா?' என்பது தலைப்பு. அனுபவமே என்று பேச வந்திருக்கிறேன். கையில் குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒன்று சொன்னார், நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் குறிப்பைப் பிரித்தால் என் மனம் ஆறாது.

என்ன சொன்னார்? "ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து டிக்கெட் வாங்கி, ஆறு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிடும். அந்தத் தூக்கத்தை வீட்டுப் பாயில் காசில்லாமல் தூங்கலாமே!" என்றார்.

தூங்கும் அம்மா, பிள்ளை தூங்கத்தான் செய்யும். தூங்கினால் தூங்கட்டுமே! விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த ஊர்கள் இவை. அன்றைக்குக் கூத்துப் பார்க்கப் போனவர்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டா போனார்கள்? பாயும் போர்வையும் சேர்த்தல்லவா எடுத்துப் போனார்கள்? "துரியோதனன் வரும்போது என்னை எழுப்பிவிடு" என்று அம்மாவிடம் சொல்லி வைத்துவிட்டு, முன்வரிசையில் பாய் விரித்துத் தூங்கிய பிள்ளைகள் இந்த அரங்கத்திலேயே நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதோ, மூன்றாவது வரிசையில் ஐயா சிரிக்கிறார். ஐயா, துரியோதனன் வரும்போது அம்மா எழுப்பினாரா? எழுப்பினாராம்! அந்தக் கிரீடத்தை இன்றைக்கும் மறக்கவில்லையாம். எதிரணி இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாதித் தூக்கத்தில் பார்த்த கிரீடம் அறுபது வயதுவரை கூடவே வருகிறது.

இப்போது என் வீட்டுப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன்.

2025 பிப்ரவரி 5. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் சென்னைக்கு வந்து பாடினார். என் அண்ணன், அண்ணன் மகள், நான், மூவரும் போனோம். அவளுக்கு ஆறு வயது. அதற்கு முன்னால் அவள் பார்த்த ஒரே கச்சேரி எங்கள் ஊர்த் திருவிழா மெல்லிசைக் கச்சேரி. அங்கே மேடை நிறைய ஆள் இருப்பார்கள். கீபோர்டு ஒருவர், டிரம்ஸ் ஒருவர், தபேலா ஒருவர், பாட நான்கு பேர், அறிவிப்புச் செய்ய ஒருவர். நந்தனத்திலோ அத்தனை பெரிய மேடையில் ஒரே ஒரு மனிதர் கிட்டாரோடு வந்து நிற்கிறார். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அத்தை, மீதிப் பேர் எப்போது வருவார்கள்?"

மீதிப் பேர் வரமாட்டார்கள் கண்ணு, இவர் ஒருவர்தான் என்றேன். அவள் நம்பவில்லை. நடுவர் அவர்களே, உங்களால் நம்ப முடிகிறதா? பல்லாயிரம் பேர் கூடியிருக்கிற மைதானத்துக்கு ஒரே ஆள்!

அவர் என்ன செய்தார் என்றால், முதலில் கிட்டாரின் மரப்பெட்டியைக் கையால் தட்டினார். காலடியில் இருந்த ஒரு பெடலை மிதித்தார். தட்டுவதை நிறுத்திவிட்டார். ஆனால் தாளம் நிற்கவில்லை! அது பாட்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் தந்தியை மீட்டினார், மறுபடி மிதித்தார். இப்போது தாளமும் வருகிறது, தந்தியும் வருகிறது. அதன்மேல் ஒரு குரலைப் போட்டார், இன்னொரு குரலைப் போட்டார். கண்ணெதிரே ஒற்றை ஆள் ஒரு பெரிய குழுவாக மாறிக்கொண்டிருக்கிறார். லூப் பெடல் என்று அந்தக் கருவிக்குப் பெயர். அந்த நொடியில் வாசித்ததைப் பதிந்துகொண்டு சுற்றிச் சுற்றி ஒலிக்கவிடும்.

எங்கள் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "கை வாசிக்கவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. இவர் ஏமாற்றுகிறார் அத்தை!" என்றாள். அண்ணன் அவளைத் தோளில் தூக்கிவைத்து, பெரிய திரையில் அந்தக் காலைக் காட்டினான். "பார், இப்போது மிதிக்கிறார். இப்போது பதிகிறது. இப்போது கேள்." அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தாள். பாடகரின் முகத்தை ஊரே பார்த்துக்கொண்டிருக்க, இவள் அந்த மனிதரின் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மையார் கேட்கலாம், இதை யூடியூபில் பார்த்தால் தெரியாதா என்று. தெரியாது அம்மா. யூடியூபில் அது இன்னொரு பாட்டு, அவ்வளவுதான். பாட்டு என்பது ஒரு மனிதர் தன் கையாலும் காலாலும் தொண்டையாலும் செய்கிற வேலை என்று நேரில் பார்க்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். அதுவரை அவளைப் பொறுத்தவரை பாட்டு கைப்பேசியிலிருந்து வருவது.

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? வீட்டுக் கூடத்தில் எங்களையெல்லாம் உட்கார வைத்தாள். அப்பா மேசையைத் தட்ட வேண்டும். நான் கைதட்ட வேண்டும். பாட்டி, அதாவது என் அம்மா, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்ட வேண்டும். அவள் காலால் தரையை ஒருமுறை மிதித்தால் ஆரம்பிக்க வேண்டும், இன்னொரு முறை மிதிக்கும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் அவள் பாடுவாள். நான் கைப்பேசி ஒலிக்கிறதே என்று கையை எடுத்தேன். "அத்தை! நான் மிதிக்கவே இல்லையே!" என்று ஒரு அதட்டல். அண்ணனுக்கு அலுவலகம் போக நேரமாகிவிட்டது. மேசையைத் தட்டிக்கொண்டே "செல்லம், மிதித்துவிடு, அப்பா போக வேண்டும்" என்று கெஞ்சுகிறான். அவள் மிதிக்கவில்லை. அண்ணி வந்து காலை உணவு ஆறுகிறது என்கிறாள், அவள் மிதிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் என்ன சத்தம் என்று பார்க்க வந்தார், அவர் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துத் தட்டச் சொல்லிவிட்டாள். நடுவர் அவர்களே, அவரும் தட்டினார்! மிதிக்கும்வரை தட்டினார்!

இரண்டாவது பாட்டில் தூங்கிவிட்ட பிள்ளை செய்கிற வேலையா இது?

அவளும் தூங்கினாள், மறைக்கவில்லை. எல்லாம் முடிந்து மெட்ரோ ரயிலில் ஏறியதும் அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள். நடுராத்திரி இல்லை. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் பொதுவிதி.

கச்சேரிச் சத்தம் பிள்ளையின் காதைக் கெடுக்கும் என்று எதிரணியில் பேசிய மருத்துவர் ஐயா சொன்னார். அவருக்கு நான் தலை வணங்குகிறேன். எதிரணி பேசியதிலேயே உயிருள்ள வாதம் அதுதான். கச்சேரி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறை கொடுத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு அதே நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபெல். ஒலி 3 டெசிபெல் ஏறினால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபெல்லில் ஒரு பிள்ளையின் வாரக் கணக்கு சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். பஞ்சு வைத்தால் போதாது ஐயா, நீங்கள் சொன்னது சரி. காது முழுவதையும் மூடுகிற கிண்ணம் போன்ற காதுக்கவசம் வேண்டும். சரியாகப் பொருந்தினால் அது 20 டெசிபெல்லுக்கு மேல் குறைத்துவிடும். மேடையோரத்து ஒலிபெருக்கிக் கோபுரங்களை விட்டு விலகி, பின்னால் இருக்க வேண்டும். எங்கள் பெண்ணின் தலையில் வீட்டிலிருந்தே கவசம் இருந்தது. மஞ்சள் நிறம், அவளே தேர்ந்தெடுத்தது. மூன்றாவது பாட்டில் கழற்றப் பார்த்தாள். கழற்றினால் வீடு என்றான் அண்ணன். பிறகு அவள் கை அந்தப் பக்கம் போகவில்லை.

2025 ஜனவரியில் கோல்ட்பிளே இசைக்குழு நவி மும்பைக்கு வந்தபோது, மகாராஷ்டிரத்தின் தானே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒரு நோட்டீஸ் அனுப்பியது. ஐயா அதையும் எடுத்துக் காட்டினார், ஆனால் பாதியோடு நிறுத்திக்கொண்டார். மீதியை நான் சொல்கிறேன். காதுப் பாதுகாப்பு இல்லாத பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள் என்றுதான் அதில் இருந்தது. பாதுகாப்போடு வரும் பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. அது எங்கள் அணியின் நோட்டீஸ் ஐயா!

2023 செப்டம்பரில் பனையூரில் நடந்ததையும் சொன்னார்கள். ஏ.ஆர். ரகுமானின் கச்சேரி. டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் மக்கள் திரும்பினார்கள். நெரிசலில் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து அழுதார்கள். அதை மழுப்பிப் பேச எனக்கு வாய் வராது. அங்கே தவறியது வாசலும் பாதையும் இருக்கைக் கணக்கும். பிள்ளைகள் என்ன தவறு செய்தார்கள்? வாசலைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, பிள்ளையை வீட்டில் விட்டுவிடு என்பது எந்த ஊர் நியாயம்? நின்று பார்க்கும் பகுதிக்குச் சிறுவர்களோடு போகாதீர்கள், பிள்ளையின் சட்டைப் பைக்குள் உங்கள் எண்ணை எழுதி வையுங்கள், கூட்டம் தள்ளினால் டிக்கெட்டைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். இதைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன்.

கூட்டம் பிள்ளையைக் கெடுக்கும் என்றார்கள். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் 'ஈராஸ்' இசைப் பயணம் 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிந்தது. 149 கச்சேரிகள். அங்கே வந்த சிறுமிகள் மணி கோத்த வளையல்களைக் கை நிறைய அடுக்கிக்கொண்டு வந்து, முன்பின் அறியாதவர்களிடம் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். அந்நியர் என்றால் அஞ்சு என்று சொல்லியே வளர்க்கிறோம். அம்மா பக்கத்தில் நிற்க, அந்நியரிடம் சிரிக்கவும் ஒரு இடம் வேண்டாமா?

நேரம் ஆகிறது என்று நடுவர் கையைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

அந்த நந்தனம் மேடைக்கு ஏ.ஆர். ரகுமானும் வந்தார். எட் ஷீரன் தன் 'ஷேப் ஆஃப் யூ' பாட்டைப் பாட, ரகுமான் 'ஊர்வசி'யை அதோடு கலந்தார். ஒன்று 2017-இல் வந்த பாட்டு, எங்கள் பெண்ணின் பள்ளி ஆண்டு விழாவில் ஆடியது. இன்னொன்று 1994-இல் 'காதலன்' படத்தில் வந்தது, அண்ணன் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது வீட்டு டேப்ரிகார்டரில் நாள் முழுக்க ஓடியது. மகளுக்குத் தெரிந்த பாட்டும் அப்பாவுக்குத் தெரிந்த பாட்டும் ஒரே நேரத்தில் ஒரே மேடையிலிருந்து வருகின்றன. அவள் குனிந்து பார்க்கிறாள், தோளுக்குக் கீழே அப்பா கத்திப் பாடிக்கொண்டிருக்கிறான். அவன் பாடி அவள் கேட்டதே இல்லை. "அப்பா, உனக்குப் பாடத் தெரியுமா?" என்றாள். என் அண்ணன் அழுதுவிட்டான், நடுவர் அவர்களே.

மறுநாள் அந்தத் தட்டும் கரண்டியும் கச்சேரியில் அவள் பாடியதும் அதே 'ஊர்வசி'தான். என் அம்மா முன்பெல்லாம் சமையலறையில் பாடிக்கொண்டே வேலை செய்வார். அப்பா காலமான பிறகு பாட்டை விட்டுவிட்டார். வானொலியைக்கூடப் போடமாட்டார். நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அன்றைக்குப் பேத்தி மிதித்தாள் என்பதற்காகத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தவர், அவள் இரண்டாவது வரி மறந்து விழித்தபோது தானாக எடுத்துக் கொடுத்தார். 1994-இல் "அந்த டேப்பை நிறுத்தித் தொலையடா" என்று அண்ணனைத் திட்டிய என் அம்மா, அந்தப் பாட்டை ஒரு வார்த்தை விடாமல் மனத்தில் வைத்திருந்திருக்கிறார்! அவர் பாட, அண்ணன் மேசையைத் தட்ட, எனக்குக் கை ஓடவில்லை. அன்றைக்கு அண்ணன் அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனான்.

இதற்கு என்ன தர்க்கம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டிக்கெட் விலையோடு இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றும் தெரியவில்லை. கையில் இருக்கும் மீதிக் குறிப்புகளைப் படிக்க மனமும் இல்லை, மணியும் அடித்தாகிவிட்டது. பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, முதலில் காதுக்கவசம் வாங்குங்கள், பிறகு டிக்கெட் வாங்குங்கள், அழைத்துப் போங்கள். அனுபவமே என்று தீர்ப்புக் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.