வாய்க்காலுக்கும் ஒரு சர்வே எண் உண்டு

(தாம்பரத்தை அடுத்த புறநகர்ப் பகுதி ஒன்றில், குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

ஏரிக்குக் கீழே கிடக்கும் ஐந்து ஏக்கர் நஞ்சையைப் பற்றிப் பேசத்தான் கூடியிருக்கிறோம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வரைபடத்தில் இந்த ஐந்து ஏக்கரும் விவசாயப் பகுதி. அங்கே அடுக்குமாடி கட்ட முடியாது. அதைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றித் தரவேண்டும் என்பதுதான் இப்போது வந்திருக்கும் விண்ணப்பம்.

வரைபடத்தில் நிறம் மாறினால் தரையில் என்ன ஆகும்? ஐந்து ஏக்கர் என்பது 20,000 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். உயரம் 18.30 மீட்டருக்குள் இருக்கும் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். வீட்டுக்கு 100 சதுர மீட்டர் என்று வைத்தாலே ஏறத்தாழ 400 குடும்பங்கள். அந்த உயரத்தைத் தாண்டினால் குறியீடு 3.25 வரை போகலாம். இத்தனை வீடுகளின் கழிவுநீரும் காரும் தண்ணீர் லாரியும் நம் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனால் அந்த விண்ணப்பத்தை எதிர்த்து நாம் கொடுக்கப்போகும் ஆட்சேபக் கடிதத்தில் இதை மட்டும் எழுதினால் நம் வழக்கு நிற்காது. நாம் குடியிருக்கும் தெருவும் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம்தான். நமக்கு வீடு கிடைத்த பிறகு அடுத்தவருக்குக் கதவைச் சாத்துகிறோம் என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. வாடகை கொடுத்தே ஓய்ந்துபோன பிள்ளைகள் சொந்த வீடு தேடுகிறார்கள். அவர்களை எதிர்த்து நான் பேச மாட்டேன்.

நான் பேசுவது வாய்க்காலைப் பற்றி.

2015 டிசம்பர் 1 உங்களுக்கு மறந்திருக்காது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். எங்கள் பூஜை அறைக் கதவில் வரிசை வரிசையாகச் சின்ன மணிகள் உண்டு. கீழிருந்து மூன்றாவது வரிசை வரை சேறு ஏறியது. தேய்த்துக் கழுவிப் பளபளப்பாக்கிவிட்டோம். ஆனால் உள்ளே நாக்கு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் கதவைத் திறந்தால் மேல் வரிசை மணிகள்தான் ஒலிக்கின்றன.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும். வழிவது போக்குக் கால்வாயில் இறங்கி அடையாற்றுக்குப் போகும். நிலஅளவைத் துறையின் புலப்படத்தை வாங்கிப் பாருங்கள். அந்த ஐந்து ஏக்கருக்கு நடுவே இரட்டைக் கோடாக அந்தக் கால்வாய் ஓடுகிறது. அதற்குத் தனி சர்வே எண் உண்டு. கிராமத்து நிலங்களின் விவரம் எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டில் அது புறம்போக்கு. யாருடைய பட்டாவிலும் அது இல்லை. சென்ற வாரம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கலங்கலிலிருந்து சிறிது தூரம் கோரைப்புல், அதன்பின் கட்டட இடிபாட்டு மண், அதற்கும் அப்பால் இரு கைகளால் அணைத்துவிடக்கூடிய ஒரே ஒரு சிமென்ட் குழாய். ஒரு ஏரியின் உபரிநீர் முழுவதும் அந்தக் குழாய்க்குள் போக வேண்டுமாம்!

தண்ணீரின் இடத்தை எடுத்துக்கொள்வதில் சென்னைக்கு நீண்ட பழக்கம். தியாகராய நகரே 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியின் படுகையில் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். பழவந்தாங்கல் என்கிறோம்; தாங்கல் என்றால் சிற்றேரி என்பதே பாதிப் பேருக்கு நினைவில்லை.

ஆகவே கடிதத்தில் மூன்று கோரிக்கைகளை எழுதச் சொல்கிறேன். கால்வாயைப் புலப்படத்தில் உள்ள அகலத்துக்கு அளந்து, கல் நட்டு, தூர்வாரிய பிறகே நிலப் பயன்பாட்டு மாற்றத்தைப் பரிசீலிக்க வேண்டும். தாழ்வான கீழ்ப்பாதியை விவசாயப் பகுதியாகவே விட்டுவிட வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனையில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். வழக்கமாக, எதற்கும் உதவாத ஒரு மூலையைக் காட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்த நிலத்தைக் கால்வாயின் இரு கரையிலும் கேளுங்கள். வெள்ளம் வந்தால் தண்ணீருக்கு அகலம் கிடைக்கும், வராத மாதங்களில் பிள்ளைகள் விளையாடட்டும்.

இதை நமக்காக மட்டும் கேட்கவில்லை. அங்கே தரைத்தளத்தில் வீடு வாங்கி இருபது வருடம் தவணை கட்டப்போகிறவருக்கு இந்தக் கூட்டம் நடப்பதே தெரியாது. நம் கழுத்தளவுத் தண்ணீர் அவருக்கும் கழுத்தளவுதான். அவர் சார்பிலும் ஆட்சேபிக்க வேண்டியவர்கள் இன்றைக்கு நாம் மட்டுமே.

புலப்பட நகல்கள் மேடைக்கு இடப்புறம் மேசையில் இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் எடுத்த படங்கள் யாரிடமாவது இருந்தால் தேதியுடன் கொடுங்கள், கடிதத்தோடு இணைத்துவிடுவோம். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கலங்கலில் கூடுகிறோம். அளவு நாடாவை நான் கொண்டுவருகிறேன். மறுமுனையைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.