அழுத பிள்ளையும் மலையில் இல்லாத கழிப்பறையும்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மாதர் தினக் கூட்டமொன்றில் பேசியது)

கூட்டத் தலைவர் அவர்களே, பிரதேச சபை உறுப்பினர் ஐயா அவர்களே, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒப்பிசிலிருந்து இந்த மழையிலும் வந்திருக்கிற டாக்டர் அம்மா அவர்களே, மண்டபத்தைக் காசு வாங்காமல் தந்த கோவில் பரிபாலன சபையாரே, விடியற்காலையிலேயே கதிரை அடுக்கிய தம்பிமாரே, பொன்னாடையை யாருக்குப் போடுவது என்று இன்னும் முழித்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே (எனக்கு வேண்டாம், டாக்டர் அம்மாவுக்குப் போடுங்கள்), எல்லாருக்கும் மேலாக இன்றைய பேரை (ஒருநாள் சம்பளத்தை) விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் என் அக்காமாரே, தங்கச்சிமாரே, வணக்கம்.

28 வருஷம் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மிட்வைஃபாக ஏறி இறங்கியவள் நான். இன்றைக்கு மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். பைப்ரோயிட் என்கிற கருப்பைக் கட்டி என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்கு என்ன வைத்தியம். நான் எங்கே பேசினாலும் சொல்கிற பழமொழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

கருப்பை தசையால் ஆனது. அந்தத் தசையே ஓரிடத்தில் உருண்டு திரண்டு வளர்வதுதான் இந்தக் கட்டி. மிளகளவிலும் இருக்கும், பூசணிக்காய் அளவிலும் இருக்கும். புற்றுநோய் அல்ல, உள்ளே புற்று ஒளிந்திருப்பது மிக மிக அரிது. நம் உடம்பில் சுரக்கும் ஹோர்மோனைத் தின்று வளர்வதால், மாதத்தீட்டு அடியோடு நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 50 வயதாவதற்குள் பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு இது வந்துவிடும் என்று கண்டார்கள். அதில் பலருக்கு இருப்பதே தெரியாது. எங்கே வளர்கிறது என்பதில்தான் விஷயம். உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் சின்னதாக இருந்தாலும் இரத்தம் கொட்டும். முன்பக்கம் என்றால் சலப்பையை, அதுதான் மூத்திரப்பையை, அழுத்தும். பின்பக்கம் என்றால் மலச்சிக்கல். சிலருக்குப் பிள்ளை தங்காமலும் போகலாம்.

இரண்டாவது விஷயத்துக்கு ஒரு கதை. பெயரும் தோட்டமும் சொல்லமாட்டேன். ஓர் அக்கா, வயது 46. மகளைக் கட்டிக்கொடுத்து, மகளும் முழுகாமல் இருக்கிறாள். அப்போது பார்த்து இந்த அக்காவுக்கும் வயிறு வைத்தது. லயத்து வரிசை வீடுகளில் சும்மா இருப்பார்களா? பைப்படியில் எல்லாம் இதே பேச்சு. “தாயும் மகளும் ஒரே வார்ட்டுலதான் படுக்கப்போறாங்க!” புருஷன் வெட்கத்தில் கோவில் பக்கமே போகவில்லை. மாமியார் மட்டும் விரல் மடக்கி மாதம் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது முடிந்தது, பத்து முடிந்தது. பதினொன்றில் செய்வினை என்று முடிவுகட்டி எலுமிச்சங்காய் வெட்டினார்கள், கறுப்புக் கயிறு கட்டினார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். வயிற்றில் கை வைத்தேன். கல்லுமாதிரி, கரடுமுரடாக. குழலை வைத்துக் கேட்டேன், துடிப்பில்லை. “பிள்ளை தூங்குது போல” என்றார் மாமியார். சிரிக்காதீர்கள், அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

டவுனுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். கட்டி. இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தால் 6. பன்னிரண்டுக்குக் குறைந்தாலே இரத்தச்சோகை! இரத்தம் ஏற்றி, பிறகுதான் ஒப்பரேஷன். மாமியார் வார்ட்டு வாசலில் நின்று நர்ஸைக் கேட்டார்: “எத்தனை கிலோ தாயி?”

அந்த அக்கா இரத்தம் கொட்டியும் இரண்டு வருஷம் வாயே திறக்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இவர் அழவே இல்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி மாத்துறீங்க?” அவரால் பதில் சொல்ல முடியவில்லை. காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போனால் பொழுதுசாய கொழுந்து நிறுவை முடியும் வரைக்கும் மாற்ற இடமே இல்லை. மடித்த துணிக்கு மேல் துணி, இரண்டு பாவாடை, அதற்கு மேல் இடுப்பில் சுற்றும் படங்கு. கட்டி அழுத்துவதால் அடிக்கடி ஒன்றுக்கு வரும் என்று மதியம் வரை சொட்டுத் தண்ணி குடிப்பதில்லை. ஒரு நாள் லயத்துக்கு இறங்கி மாற்றிவிட்டு வந்தார். அன்றைக்கு அரைப்பேர்.

கட்டியைக் கழிப்பறை கரைக்காது. டாக்டர் அம்மா சிரிப்பது தெரிகிறது. ஆனால் தீட்டு ஏழு நாளுக்கு மேல் பட்டால் வா, இரத்தம் கட்டிகட்டியாகப் போனால் வா, மணிக்கொரு துணி நனைந்தால் வா என்று நாம் சொல்கிறோமே, அதைப் பார்க்கவும் எண்ணவும் அவளுக்கு மறைவான ஓரிடம் வேண்டாமா? 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டார்கள். அதற்குப் பிறகு பெக்டரி வந்தது, பங்களா வந்தது, கொழுந்து லொறி போகப் பாதை வந்தது. நான் ஏறி இறங்கிய கொழுந்து மலைகளில் பொம்பிளைக்கு ஒரு கதவும் ஒரு வாளித் தண்ணியும் வரவில்லை. தேயிலைச் செடிக்குள், அட்டை கடிக்கக் கடிக்க, கங்காணி அந்தப் பக்கம் பார்க்கிறாரா என்று பார்த்துப் பார்த்து... உறுப்பினர் ஐயா குறித்துக்கொள்கிறார், நன்றி ஐயா. போன வருஷமும் குறித்துக்கொண்டீர்கள். நாங்கள் இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறோம், பால் வரவில்லை.

நேரமாகிறது என்று தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். வைத்தியத்தை அவசரமாகச் சொல்கிறேன்: இரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் லூப் இருக்கிறது, கட்டியை மட்டும் எடுக்கலாம், தேவைப்பட்டால் கருப்பையையும் எடுக்கலாம். தொந்தரவு இல்லாத கட்டியைச் சும்மாவும் விடலாம். எது யாருக்கு என்று டாக்டர் அம்மாவைக் கேளுங்கள். 1996இல் தொடங்கிய வெல் வுமன் கிளினிக், பெண்களைப் பரிசோதிக்கும் கிளினிக், இருக்கிறது, 35 வயதானதும் போங்கள், காசில்லை. இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத்தண்ணியோடு, அதுதான் தேத்தண்ணியோடு, விழுங்காதீர்கள். நாம் கொய்யும் கொழுந்தேதான் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. தேசிக்காய்த் தண்ணியோடு குடியுங்கள்.

வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. உங்கள் பெயரையும், எந்த மலையில் கழிப்பறை வேண்டும் என்று மலை நம்பரையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், தயவுசெய்து கழற்றிக்கொண்டு போய்விடாதீர்கள்.