கை நடுங்காத இடம்

அவையோரே, குரூப் 4 தேர்வுக்காக இந்த நூலகத்தில் படித்துவரும் பிள்ளைகளே, வணக்கம்.

உற்சாகம் ஊட்டும்படி பேசவேண்டும் என்று அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். 'உன்னால் முடியும்' என்று நான் பத்து முறை முழங்கினால் நீங்கள் கைதட்டுவீர்கள். அந்தச் சூடு தண்டையார்பேட்டையைத் தாண்டுவதற்குள் ஆறிவிடும். ஆகவே தன்னம்பிக்கை எங்கிருந்து ஊறுகிறது என்பதை மட்டும் பேசுகிறேன்.

உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இதற்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்றவர் செய்யக் கண்டது, பிறர் சொல்லும் ஊக்கச்சொல், அந்த நேரத்து உடல்நிலையும் மனநிலையும். இவற்றுள் முதலாவதே வலியது என்றார். பாம்பைக் கண்டு அஞ்சுவோரிடம் அவரும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தபோது, மற்றொருவர் பாம்பைக் கையாளுவதைப் பார்த்திருந்தவர்களைவிட, துணையோடு படிப்படியாகத் தாமே தொட்டுப் பழகியவர்களுக்கே நம்பிக்கை மிகுதியாக வளர்ந்தது.

இதை நான் படித்தது பிற்காலத்தில். பட்டறிந்தது வியாசர்பாடியில், இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் ஒரு லேத் பட்டறையில். நான் கடைந்த முதல் ஷாஃப்ட், அதாவது உருளைத் தண்டு, அளவு குறைந்துபோயிற்று. அளவு கூடியிருந்தால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம். குறைந்தால் அது காயலான் கடைக்குத்தான். மேஸ்திரி திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்து, "எவ்ளோ தப்புன்னு நீயே அளந்து சொல்லு" என்றார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மறுநாள் கடைசி வெட்டுக்கு முன் மெஷினை நிறுத்தி, ஷாஃப்ட்டைத் துடைத்து, இரண்டு இடங்களில் அளந்த பிறகே டூலை நகர்த்தினேன். அளவு சரியாக வந்தது. யாரும் பாராட்டவில்லை, ஆனால் அதன்பின் அந்த மெஷின் முன்னால் என் கை நடுங்கியதே இல்லை.

அதே கை, வங்கியில் பணம் கட்டும் சீட்டை நிரப்பும்போது பல ஆண்டுகள் நடுங்கிற்று. தன்னம்பிக்கை மொத்தமாக மூட்டைகட்டி வருவதில்லை. வேலைக்கு வேலை தனித்தனியாகவே வருகிறது. "எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை" என்று சொல்லும் பிள்ளையிடம், எந்த வேலையில் இல்லை என்று கேட்பது என் வழக்கம்.

இரண்டாவது ஊற்றுக்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அடுத்த தெருப் பெண் போன்ற ஒருவர் வென்றார் என்னும் செய்தி, கேரம் போர்டில் பவுடர் தூவி ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கும் சிறுமிக்கு, எங்கோ இருக்கும் கோடீசுவரரின் வெற்றிக்கதை தராத ஒன்றைத் தரும்.

ஊக்கச்சொல்லை நான் இகழவில்லை. ஆனால் செய்து பார்த்துத் தோற்றால் அந்தச் சொல் நிற்காது. நெஞ்சுப் படபடப்போ, தேர்வெழுதப் போகும் எல்லோருக்கும் உள்ளது. அதைத் தோல்வியின் அறிகுறி என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

பழைய வினாத்தாள்கள் அந்த மேசைமேல் இருக்கின்றன: 200 வினாக்கள், மூன்று மணி நேரம். விடைக்குறிப்பை வைத்துத் திருத்தப்போவதும் நீங்களேதான். சிவப்புப் பேனாக்களை நான் வாங்கி வந்திருக்கிறேன்.